பத்து டாலர் காசோலை

ஹோனஸ் வாக்னர் எறியும் பந்தைப் பிடிப்பது லேசான வேலையாக இருந்ததில்லை. பந்தோடு மண் வரும், சரளைக்கல் வரும். தரையோடு சீறி வரும் பந்தைக் குனிந்து ஒரே அள்ளாக அள்ளி, கைக்குள் என்ன சிக்கியதோ அதை அப்படியே முதல் பேஸை நோக்கி வீசிவிடுவார். அந்த முனையில் நிற்கிறவர், பறந்து வருகிறவற்றில் எது பந்து என்று பார்த்துப் பிடித்தாக வேண்டும். அந்தக் காலத்து ஆட்டக்காரர்கள் இதைக் கதை கதையாகச் சொல்லியிருக்கிறார்கள். ஐந்தடி பதினோரு அங்குல உயரம், இருநூறு பவுண்டு எடை, அகன்ற நெஞ்சு, நீண்ட கைகள், நன்றாக வளைந்த கால்கள். பார்த்தால் வேகமாக ஓடக்கூடியவர் என்று யாரும் சொல்லமாட்டார்கள். ஆனால் எழுநூறு முறைக்கு மேல் எதிரணியின் கண்ணெதிரே பேஸ் திருடியவர் அவர்.

பேஸ்பால் பழக்கமில்லாதவர்களுக்காகக் கொஞ்சம் விளக்கிவிடுகிறேன். வைர வடிவ ஆடுகளத்தில் நான்கு முனைகள், அவைதான் பேஸ்கள். பந்தை அடித்தவர் அந்த நான்கையும் சுற்றி வந்து சேர்ந்தால் ஒரு ரன். பந்து அடிபடக் காத்திராமல் அடுத்த பேஸுக்கு ஓடிச் சேர்வதுதான் பேஸ் திருடுவது. இரண்டாவது பேஸுக்கும் மூன்றாவது பேஸுக்கும் நடுவில் நிற்பவர்தான் ஷார்ட்ஸ்டாப். வலது கைக்காரர்கள் ஓங்கி அடிக்கும் பந்துகளில் பல அவர் பக்கம்தான் பாயும். பிடித்து, திரும்பி, எறிய அவருக்குக் கிடைப்பது சில நொடிகள். கிரிக்கெட்டில் பாயின்ட்டில் நின்று ஜான்ட்டி ரோட்ஸ் செய்ததை, மெல்லிய தோல் கையுறையோடு, மேடும் பள்ளமுமான தரையில், ஆட்டத்துக்கு ஆட்டம் செய்ய வேண்டும். அந்த இடத்தில் நின்றவர்களில் வாக்னரை மிஞ்ச இன்றுவரை ஆள் வரவில்லை என்று சொல்பவர்கள் ஏராளம். நானும் அந்தக் கட்சிதான்.

நான் பிட்ஸ்பர்க்கில் வேலை பார்த்த காலத்தில், அலுவலகத்தில் வாக்னர் பேச்சை எடுத்தால் உடனே ஒரு விலையைத்தான் சொல்வார்கள். அவர் படம் போட்ட பழைய சிகரெட் அட்டை ஒன்றின் விலை. 2022-ல் ஒரு தனிப்பட்ட விற்பனையில் அந்த அட்டைகளில் ஒன்று 72.5 லட்சம் டாலருக்குக் கைமாறியது. சரி, அவர் களத்தில் எந்த இடத்தில் நின்று ஆடினார் என்று கேட்டால், இளைஞர்களில் பலர் விழித்தார்கள். அவர் பிறந்து வளர்ந்த, ஆடிய, செத்துப்போன ஊர்ப்பக்கம் அது. எனக்கு அது வருத்தமாக இருந்தது. அந்த வருத்தத்தில்தான் இதை எழுதுகிறேன்.

1874 பிப்ரவரி 24-ல், பிட்ஸ்பர்க்கை ஒட்டிய ஷார்டியர்ஸ் என்ற இடத்தில் பிறந்தவர் யோஹன்னஸ் பீட்டர் வாக்னர். பெற்றோர் ஜெர்மனியிலிருந்து பிழைக்க வந்தவர்கள். ஒன்பது பிள்ளைகளில் உயிர் பிழைத்தவர்கள் ஐந்து பேர். அம்மா 'ஹான்ஸ்' என்று கூப்பிட்டது ஊர் வாயில் 'ஹோனஸ்' ஆகிப் போனது. அப்பாவுக்கு நிலக்கரிச் சுரங்கத்தில் வேலை. பன்னிரண்டு வயதில் பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு ஹோனஸும் சுரங்கத்துக்குப் போனார். அண்ணன் தம்பிகள் எல்லோருக்கும் அதே விதிதான். அந்த வயதுப் பையன்கள் சுரங்கத்துக்குள் இறங்குவதை அப்போது யாரும் தடுக்கவில்லை. குழந்தைத் தொழிலைக் கட்டுப்படுத்தும் நாடளாவிய சட்டம் அமெரிக்காவில் நிலைத்தது 1938-ல்தான். வாக்னருக்கு அப்போது அறுபத்து நான்கு வயது.

1894-ல் ஷார்டியர்ஸும் பக்கத்து மான்ஸ்ஃபீல்டும் ஒன்றாகி, எஃகு முதலாளி ஆண்ட்ரூ கார்னகியின் பெயரைத் தாங்கிய ஊரானது. பதிலுக்குக் கார்னகி ஒரு நூலகம் கட்டிக் கொடுத்தார். அது இன்றும் குன்றின் மேல் கம்பீரமாக நிற்கிறது. சுரங்கங்கள் இல்லை.

சுரங்கத்திலிருந்து மீள வாக்னர் பிடித்த முதல் கொழுகொம்பு கத்தரிக்கோல். முடிவெட்டக் கற்றுக்கொண்டார். சகோதரர் ஆல்பர்ட்டும் பந்தாட்டக்காரர், நல்ல திறமைசாலி. அவர் சேர்ந்த ஸ்டூபன்வில் அணியில் ஆள் குறைந்தபோது, வீட்டில் ஒருத்தன் இருக்கிறான் என்று சொல்லி ஹோனஸை வரவழைத்தார். அது 1895. அந்த ஒரே ஆண்டில் ஹோனஸ் சின்னச் சின்ன அணிகளாக ஐந்து அணிகள் மாறினார். பிறகு அணி நிர்வாகி எட் பாரோ கண்ணில் பட்டார். ரயில் பாதையோரம் சில பையன்கள் நிலக்கரித் துண்டுகளை எறிந்து விளையாடிக்கொண்டிருந்ததாகவும், ஒருவன் எறிந்தது மட்டும் மற்றவர்களுடையதைத் தாண்டி எங்கோ போய் விழுந்ததாகவும், அங்கேயே ஒப்பந்தம் பேசியதாகவும் பாரோ பின்னாளில் சொல்லிவந்தார். கதையில் கொஞ்சம் சர்க்கரை கலந்திருக்கலாம். ஆனால் அந்தக் கையை அடையாளம் கண்டது உண்மை. பேப் ரூத்தைப் பந்து வீச்சிலிருந்து மட்டைப் பக்கம் திருப்பியவரும் இதே பாரோதான். ரூத், லூ கெரிக், ஜோ டிமாஜியோ எல்லோரையும் கிட்ட இருந்து பார்த்த பிறகும், முழுமையான ஆட்டக்காரர் என்றால் வாக்னர்தான் என்ற தம் கருத்தை அவர் மாற்றிக்கொள்ளவில்லை.

1897 ஜூலையில் லூயிவில் அணிக்காக வாக்னர் பெரிய லீகில் இறங்கினார். 1899 முடிவில் நேஷனல் லீக் பன்னிரண்டு அணிகளை எட்டாகக் குறைத்தது. லூயிவில் காணாமல் போனது. அதன் உரிமையாளர் பார்னி ட்ரைஃபஸ், பிட்ஸ்பர்க் பைரட்ஸ் அணியில் பங்கு வாங்கி, தம் நல்ல ஆட்டக்காரர்களையெல்லாம் அங்கே கொண்டுபோய்ச் சேர்த்தார். ஆட்டக்காரர்களின் சம்மதத்தை யாரும் கேட்கவில்லை. வாக்னருக்கு அது சொந்த ஊருக்குத் திரும்பும் யோகமாக அமைந்தது. பிட்ஸ்பர்க்கில் முதல் ஆண்டே, 1900-ல், ஆயிரத்துக்கு 381 என்ற பேட்டிங் சராசரியோடு லீகில் முதலிடம். அடுத்த பதினோரு ஆண்டுகளில் மேலும் ஏழு முறை அந்த முதலிடம் அவரிடம் வந்தது.

இடத்துக்கு வருவோம். அவர் ஷார்ட்ஸ்டாப்பாகப் பிறந்தவர் இல்லை. வெளிக்களத்தில் ஆடியிருக்கிறார், முதல் பேஸில், மூன்றாவது பேஸில், இரண்டு ஆட்டங்களில் பந்துகூட வீசியிருக்கிறார். விக்கெட் கீப்பர் போல மட்டைக்குப் பின்னால் உட்காரும் கேட்சர் இடம் ஒன்றுதான் பாக்கி. ஷார்ட்ஸ்டாப்பில் நிலையாக நின்றது 1903 முதல், அதாவது கிட்டத்தட்ட முப்பது வயதில். பெரும்பாலோர் கால் தளர்ந்து சுலபமான இடம் தேடும் வயதில் இவர் மிகக் கடினமான இடத்துக்கு வந்தார்.

வந்த ஆண்டே அவமானமும் வந்தது. நேஷனல் லீக், அமெரிக்கன் லீக் இரண்டிலும் முதலிடம் பிடித்த அணிகள் மோதும் உலகத் தொடர் முதலில் நடந்தது 1903-ல்தான். பைரட்ஸும் பாஸ்டனும் மோதின. அதிகபட்சம் ஒன்பது ஆட்டம் கொண்ட தொடர். பாஸ்டன் ரசிகர் கூட்டம் ஒன்று 'டெஸ்ஸி' என்ற நாடகப் பாட்டின் வரிகளை மாற்றி, வாக்னரைக் கேலி செய்து, ஆட்டம் முழுக்கப் பாடிக்கொண்டே இருந்தது. லீகின் தலைசிறந்த மட்டையாளரின் சராசரி 222-க்கு இறங்கியது. ஆறு பிழைகள் செய்தார். பைரட்ஸ் ஐந்துக்கு மூன்று என்று தோற்றது. கடைசி ஆட்டத்தின் கடைசி விக்கெட்டாக, பில் டினீன் வீசிய பந்தை அடிக்க முடியாமல் வெளியேறியவரும் வாக்னர்தான். பெரிய ஆட்டத்தில் பயந்துவிடுவார் என்று பத்திரிகைகளில் எழுதினார்கள். அந்த முத்திரையை அவர் ஆறு ஆண்டுகள் சுமந்தார்.

நடுவில் 1908. அந்த ஆண்டு தொடங்கும் முன் ஆட்டத்தை விட்டுவிடப் போவதாக அறிவித்தார். பயிற்சி முகாமுக்கும் போகவில்லை. ட்ரைஃபஸ் இறங்கிவந்தார். 5,000 டாலராக இருந்த ஆண்டுச் சம்பளம் 10,000 ஆனது. திரும்பி வந்த வாக்னர் அந்த ஆண்டு ஆடியதைப் போல அந்த லீகில் யாரும் ஆடவில்லை. சராசரி 354. அதிக ஹிட், அதிகமான இரண்டு பேஸ் அடி, அதிகமான மூன்று பேஸ் அடி, தம் அடியால் அணிக்கு அதிக ரன் சேர்த்துக் கொடுத்தது, அதிகம் பேஸ் திருடியது, எல்லாம் அவர். ஹோம் ரன்னில் மட்டும் இரண்டே இரண்டு குறைவு. பிட்ச்சர்கள் பந்தில் எச்சில் தடவி வீச அனுமதி இருந்த காலம், ஒரே பந்தைக் கறுத்து நைந்து போகும்வரை பயன்படுத்திய காலம். ஒவ்வொரு ரன்னும் வியர்வை சிந்திக் கிடைத்தது. முப்பத்து நான்கு வயதில் அவர் செய்த வேலை இது.

அந்தப் பத்தாயிரம் டாலர்தான் அவர் வாழ்நாளில் வாங்கிய உச்சச் சம்பளம். அதற்கு மேல் கேட்டவர் இல்லை. இன்று அதே ஷார்ட்ஸ்டாப் இடத்தில் நிற்கும் நியூயார்க் மெட்ஸ் அணியின் பிரான்சிஸ்கோ லிண்டோர், 2021-ல் பத்து ஆண்டுகளுக்கு 34.1 கோடி டாலருக்கு ஒப்பந்தம் போட்டார். ஆண்டுக்கு 162 ஆட்டம், ஆட்டத்துக்கு ஒன்பது இன்னிங்ஸ் என்று வகுத்துப் பாருங்கள். வாக்னரின் ஓராண்டுச் சம்பளம் லிண்டோருக்கு அரை இன்னிங்ஸில் வந்துவிடுகிறது. விலைவாசி ஏறியதைக் கணக்கில் எடுக்க வேண்டாமா என்பீர்கள். எடுத்தாலும் அன்றைய பத்தாயிரம் இன்றைக்கு மூன்றரை லட்சம் டாலர் வட்டத்தில்தான் நிற்கும். 2025-ல் பெரிய லீகில் நேற்றுச் சேர்ந்த பையனுக்கு விதிக்கப்பட்ட குறைந்தபட்சச் சம்பளம் 7,60,000 டாலர். லீகின் முதல்வருக்கு அன்று கிடைத்தது, இன்றைய கடைசி ஆளுக்குக் கிடைப்பதில் பாதிகூட இல்லை.

லிண்டோர் வாங்குவதைக் குறை சொல்லவில்லை. அது போராடிப் பெற்ற உரிமை. வாக்னர் காலத்து ஒப்பந்தங்களில் ஒரு ஷரத்து இருந்தது. ஆண்டு முடிந்தாலும் ஆட்டக்காரர் அதே அணிக்குத்தான் கட்டுப்பட்டவர். உரிமையாளர் விற்கலாம், மாற்றலாம், விரட்டலாம். ஆட்டக்காரர் தாமாக விலகி வேறு அணிக்குப் போக முடியாது. கையெழுத்துப் போட வேண்டும், அல்லது முடிவெட்டப் போக வேண்டும். செயின்ட் லூயிஸ் அணியின் கர்ட் ஃப்ளட் என்ற கறுப்பின ஆட்டக்காரர், தம்மைக் கேட்காமல் 1969-ல் பிலடெல்பியாவுக்கு மாற்றியதை எதிர்த்து 1970-ல் வழக்குப் போட்டார். 1972-ல் உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு மூன்று என்று அவருக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. தீர்ப்பை எழுதிய நீதிபதி ஹாரி பிளாக்மன், விளையாட்டின் பெருமையைச் சொல்வதற்காகப் பழைய ஆட்டக்காரர்களின் நீண்ட பெயர்ப் பட்டியல் ஒன்றைத் தீர்ப்பிலேயே சேர்த்தார். வாக்னர் பெயரும் அதில் இருக்கிறது. வாழ்நாள் முழுக்க அந்த ஷரத்துக்குக் கட்டுப்பட்டு ஆடியவரின் பெயரைப் புகழ்ந்து சொல்லிவிட்டு, அந்த ஷரத்தைத் தொடாமல் விட்ட தீர்ப்பு அது. அதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு மனசு கனக்கும். மூன்று ஆண்டுகள் கழித்து, 1975-ல், பீட்டர் சைட்ஸ் என்ற மத்தியஸ்தரின் முடிவுதான் அந்தக் கட்டை அவிழ்த்தது. ஃப்ளட்டின் ஆட்ட வாழ்க்கை அதற்குள் முடிந்திருந்தது.

1909 வந்தது. ஜூன் 30-ல், பிட்ஸ்பர்க்கின் ஓக்லண்ட் பகுதியில் ஃபோர்ப்ஸ் ஃபீல்ட் மைதானம் திறந்தார்கள். அதற்கு முன் ஆடிய எக்ஸ்பொசிஷன் பார்க் ஆற்றோரம் இருந்தது. வெள்ளம் வந்தால் வெளிக்களத்தில் தண்ணீர் நிற்கும், அதிலேயே ஆடுவார்கள். புது மைதானம் எஃகும் கான்கிரீட்டும். அந்த ஆண்டு பைரட்ஸ் 110 ஆட்டங்களை வென்று உலகத் தொடருக்குப் போனது. எதிரில் டெட்ராய்ட். அங்கே டை காப். இருபத்திரண்டு வயது, நெருப்பு மாதிரி ஆட்டம், அமெரிக்கன் லீகின் முதல் மட்டையாளர். வாக்னருக்கு முப்பத்தைந்து. நாடே இருவரையும் ஒப்பிட்டுக்கொண்டிருந்தது. ஏழு ஆட்டங்கள் நடந்தன. வாக்னர் சராசரி 333, காப் 231. வாக்னர் ஆறு முறை பேஸ் திருடினார், காப் இரண்டு முறை. பைரட்ஸ் வென்றது. காப் வசைபாடியதாகவும், வாக்னர் பந்தை அவர் வாயில் அறைந்து பதில் சொன்னதாகவும் ஒரு கதை இன்றும் உலவுகிறது. நான் அதை நம்பவில்லை. அந்த எண்களே போதும். 1903-ன் முத்திரை அன்றோடு அழிந்தது.

அதே 1909-ல்தான் அந்த அட்டை அச்சானது.

அமெரிக்கன் டொபாக்கோ கம்பெனி தன் சிகரெட் பாக்கெட்டுகளில் பேஸ்பால் ஆட்டக்காரர்களின் வண்ணப்பட அட்டைகளை வைத்து விற்கத் தொடங்கியது. அட்டை பாக்கெட்டை மடங்காமல் காக்கும், படத்துக்காக ஆளும் வாங்குவான். சிறுவர்கள் கடை வாசலில் நின்று, சிகரெட் வாங்கி வருபவர்களிடம் படத்தைக் கேட்டு வாங்கிய காலம் அது. வாக்னர் தம் படத்தைப் போடக் கூடாது என்றார். அவர் சம்மதத்தை வாங்கித் தந்தால் பத்து டாலர் தருவதாக ஜான் க்ரூபர் என்ற பிட்ஸ்பர்க் விளையாட்டு எழுத்தாளரிடம் கம்பெனி சொல்லியிருந்தது. சிகரெட் பாக்கெட்டில் தம் படம் வருவதில் விருப்பமில்லை என்று க்ரூபருக்கு வாக்னர் பதில் எழுதினார். கூடவே, அந்தப் பத்து டாலர் அவருக்கு நஷ்டமாகிவிடக் கூடாதே என்று தம் கையிலிருந்து பத்து டாலருக்குக் காசோலையும் வைத்து அனுப்பினார். 1912-ல் 'ஸ்போர்ட்டிங் நியூஸ்' இதழில் வந்த செய்தி இது.

ஏன் மறுத்தார் என்பதில் இரண்டு கட்சி உண்டு. பிள்ளைகள் தம் படத்துக்காகச் சிகரெட் வாங்கக் கூடாது என்று நினைத்தார் என்பது ஒன்று. பணம் தராமல் படம் போட்டதுதான் கோபம் என்பது இன்னொன்று. இரண்டாம் கட்சிக்காரர்கள் சொல்வதிலும் பொருள் இருக்கிறது. வாக்னர் புகையிலை மெல்லுபவர், சுருட்டுப் பிடிப்பவர். அவர் படம் போட்ட சுருட்டும் விற்றிருக்கிறது. 1948-ல் வெளியான ஒரு சூயிங்கம் அட்டையில் அவர் வாயில் புகையிலையைத் திணித்துக்கொண்டிருக்கும் படமே இருக்கிறது. விளம்பரமே கூடாது என்பவரும் இல்லை. 1905 செப்டம்பரில் ஹில்லரிக் கம்பெனியோடு ஒப்பந்தம் போட்டு, தம் கையெழுத்தை பேட்டில் பொறிக்கச் சம்மதித்த முதல் ஆட்டக்காரர் அவர்தான். இத்தனையும் தெரிந்த பிறகும் நான் முதல் கட்சியோடு நிற்கிறேன். காரணம் அந்தக் காசோலை. பணம் குறைவு என்று கோபித்தவர், நடுவில் நின்றவருக்கு நஷ்டமாகாமல் பார்த்திருக்கமாட்டார். சுருட்டு பெரியவர்கள் வாங்குவது, பேட் பிள்ளைகளுக்கு நல்லது, சிகரெட் பாக்கெட்டுக்குள் ஆட்டக்காரர் படத்தை வைப்பது பிள்ளைகளைப் பிடிக்க. அந்த வித்தியாசம் அவருக்குத் தெரிந்திருந்தது.

கம்பெனி அச்சடிப்பை நிறுத்தியது. அதற்குள் வெளியே போனவற்றில் இன்று இருப்பவை ஏறத்தாழ அறுபதுதான். ஒன்றரை அங்குலத்துக்கும் குறைந்த அகலம், இரண்டரை அங்குலத்துக்குச் சற்று மேல் உயரம். ஆரஞ்சுப் பின்னணி. நடு வகிடு எடுத்த தலை, பக்கவாட்டில் பார்க்கும் அமைதியான முகம், கழுத்துவரை ஏறிய காலர். நெஞ்சில் ஊர்ப்பெயர், கடைசி எழுத்து இல்லாமல். அரசு அந்த எழுத்தை எடுத்துவிட்டிருந்த காலம் அது, 1911-ல்தான் திருப்பிக் கொடுத்தார்கள். முதுகுப் பக்கம் சிகரெட் விளம்பரம்.

இதற்கு அடித்த யோகத்தைப் பாருங்கள். 1930களில் ஜெஃபர்சன் பர்டிக் என்ற சேகரிப்பாளரின் விலைப்பட்டியலில் இதன் மதிப்பு 50 டாலர். 1991-ல் ஐஸ் ஹாக்கி வீரர் வெய்ன் கிரெட்ஸ்கியும் ஒரு கூட்டாளியும் ஓர் அட்டையை 4,51,000 டாலருக்கு வாங்கினார்கள். பிறகு அது வால்மார்ட் நடத்திய பரிசுக் குலுக்கலுக்குப் போனது. விழுந்தது புளோரிடாவில் தபால் துறையில் வேலை பார்த்த ஒரு பெண்ணுக்கு. பரிசுக்கு வரி கட்ட அவரிடம் வழியில்லை, 1996-ல் ஏலத்தில் விற்றார். 2007-ல் அதே அட்டை 28 லட்சம் டாலர். அதன் ஓரங்கள் அவ்வளவு கச்சிதமாக இருப்பதைப் பார்த்துச் சந்தேகப்பட்டவர்கள் இருந்தார்கள். 1980களில் அதை விற்ற ஏலக்காரர் பில் மாஸ்ட்ரோ, ஓரங்களை வெட்டிச் சீராக்கியது தாம்தான் என்று 2013-ல் நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டார். 2021-ல் வேறொரு பிரதி 66 லட்சம், 2022-ல் இன்னொன்று 72.5 லட்சம். வாக்னரின் உச்சச் சம்பளத்தில் அது 725 ஆண்டுச் சம்பளம். காசு வேண்டாம், படமும் வேண்டாம் என்று சொன்னவரின் படம்தான் ஏலத்தில் ஏறிக்கொண்டே போகிறது. மற்ற ஆட்டக்காரர்கள் சம்மதித்தார்கள், அவர்கள் அட்டைகள் ஆயிரக்கணக்கில் கிடைக்கின்றன.

வாக்னரைப் பற்றிப் பேசிவிட்டு ஜான் ஹென்றி லாயிட்டைச் சொல்லாமல் விடுவது பாவம். 1884-ல் புளோரிடாவின் பலாட்காவில் பிறந்த லாயிட்டும் ஷார்ட்ஸ்டாப். அதே போலப் பெரிய கைகள், அதே போல மண்ணோடு அள்ளி எறியும் ஆட்டம். கியூபாவில் அவரை 'குச்சாரா' என்றார்கள், கரண்டி என்று பொருள். கறுப்பு வாக்னர் என்று அமெரிக்காவில் பெயர். அப்படித் தம்மோடு அவரை ஒப்பிடுவது தமக்குத்தான் பெருமை என்று வாக்னர் சொன்னதாகப் பதிவாகியிருக்கிறது. ஆனால் இருவரும் ஒரே லீகில் ஆட முடியாது. கறுப்பர்களுக்குப் பெரிய லீகின் கதவு மூடியிருந்தது. எழுதப்படாத விதி, எழுதியதைவிடக் கெட்டி. 1947-ல் ஜாக்கி ராபின்சன் வரும்வரை அது திறக்கவில்லை. ஆட்டம் முடிந்தபின் லாயிட் அட்லாண்டிக் சிட்டியில் பள்ளிக்கூடம் பெருக்கும் வேலை பார்த்தார், ஊர்ப் பிள்ளைகளுக்குப் பேஸ்பால் சொல்லிக்கொடுத்தார். 1949-ல் அந்த ஊர் ஒரு மைதானத்துக்கு அவர் பெயரை வைத்தது. கூப்பர்ஸ்டவுனில் உள்ள புகழ்மண்டபம் அவரைச் சேர்த்துக்கொண்டது 1977-ல். பார்க்க அவர் உயிரோடு இல்லை. கறுப்பர் லீக்குகளும் பெரிய லீக்குகளே என்று 2020 டிசம்பரில் அறிவித்தார்கள். 2024-ல் அந்தக் கணக்குகளையும் பதிவேட்டில் சேர்த்தார்கள். வாக்னரைவிட லாயிட் தாழ்ந்தவரா என்று கேட்டால் எனக்குப் பதில் இல்லை. அளந்து பார்க்கும் வாய்ப்பையே பறித்தார்கள், அந்தக் குற்றத்தை எந்தப் பதிவேடும் ஈடுகட்டாது.

வாக்னர் 1917-ல், நாற்பத்து மூன்று வயதில் ஓய்வு பெற்றார். அந்த ஆண்டே அணி நிர்வாகத்தை அவர் தலையில் கட்டினார்கள். ஐந்து ஆட்டம் நடத்தினார். ஒன்றில் வெற்றி, நான்கில் தோல்வி. இது நமக்கு ஒத்துவராது என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். அதற்கு முந்தைய ஆண்டின் கடைசி வாரத்தில்தான் பெஸ்ஸி ஸ்மித்தை மணந்திருந்தார். பிறகு விளையாட்டுப் பொருள் கடை, கார்னகி டெக் கல்லூரியில் பயிற்சி, மாவட்ட ஷெரீஃப் தேர்தலில் நின்று தோல்வி என்று பல வேலை. 1930களின் பொருளாதார மந்தத்தில் கடையும் கைகொடுக்கவில்லை. 1933-ல் பைரட்ஸ் அவரைப் பயிற்சியாளராகத் திரும்ப அழைத்தது.

எனக்கு மிகவும் பிடித்த வாக்னர் இந்த வயதான வாக்னர்தான். அறுபது வயதில் சீருடை மாட்டிக்கொண்டு பையன்களோடு மைதானத்தில் நிற்பார். ஆர்க்கி வான் என்ற இளம் ஷார்ட்ஸ்டாப்பைக் கூடவே வைத்துக்கொண்டு, எப்படி நிற்பது, எப்படி அள்ளுவது என்று சொல்லிக்கொடுத்தார். 1935-ல் வான் 385 சராசரி எடுத்தார். குரு 1900-ல் எடுத்த 381-ஐச் சிஷ்யன் தாண்டிவிட்டான். சாயங்காலமானால் கதை சொல்வார். ஒரு தடவை பந்து என்று நினைத்துக் குறுக்கே ஓடிய முயலைப் பிடித்து முதல் பேஸுக்கு எறிந்தேன், ஆளும் அவுட் என்பார். முகத்தில் சிரிப்பே வராதாம்.

1936-ல் புகழ்மண்டபத்துக்கு முதல் ஐவரைத் தேர்ந்தெடுத்தார்கள். 226 வாக்குகளில் டை காப்புக்கு 222. பேப் ரூத்துக்கும் வாக்னருக்கும் சரிசமமாக 215. ஐவரில் அவர் ஒருவர்தான் ஷார்ட்ஸ்டாப். அவர் ஆடிய காலத்தில் சட்டையில் எண் போடும் வழக்கமே இல்லை. பயிற்சியாளராக அணிந்த 33-ஐத்தான் பைரட்ஸ் அவர் நினைவாக ஒதுக்கி வைத்திருக்கிறது. 1955 ஏப்ரலில் ஃபோர்ப்ஸ் ஃபீல்ட் அருகே அவருக்கு வெண்கலச் சிலை வைத்தார்கள். அந்த ஆண்டு டிசம்பர் 6-ல், கார்னகியில், எண்பத்தொரு வயதில் காலமானார்.

சிலை அதன்பின் இரண்டு முறை இடம் மாறியது. 1970-ல் ஃபோர்ப்ஸ் ஃபீல்ட் மூடப்பட்டது, சிலை த்ரீ ரிவர்ஸ் மைதானத்துக்குப் போனது. அதையும் இடித்தார்கள், 2001-ல் பிஎன்சி பார்க் வாசலுக்கு வந்தது. எஃகாலைப் புகை மண்டிய ஊர் இன்று மருத்துவமனைகளாலும் பல்கலைக்கழகங்களாலும் வாழ்கிறது. பைரட்ஸ் கடைசியாக உலகத் தொடரை வென்றது 1979-ல். ஆனாலும் ஃபோர்ப்ஸ் ஃபீல்டின் வெளிக்களச் சுவரில் ஒரு பகுதியைப் பல்கலைக்கழக வளாகத்தில் இடிக்காமல் வைத்திருக்கிறார்கள். ஆண்டுதோறும் அக்டோபர் 13-ல் ரசிகர்கள் அங்கே கூடி, அந்த மைதானத்தில் நடந்த 1960 உலகத் தொடரின் கடைசி ஆட்ட வானொலி வர்ணனையை ஒலிக்கவிட்டுக் கேட்பார்கள். ஒரு முறை நானும் அந்தக் கூட்டத்தில் நின்றேன். மடக்கு நாற்காலியோடு வந்த பெரியவர்கள், தோளில் பேரப்பிள்ளைகள், முடிவு தெரிந்த ஆட்டத்துக்கு அத்தனை ஆரவாரம். பக்கத்துக் கட்டடத்துக்குள், தரையில் கண்ணாடிக்கு அடியில், ஹோம் பிளேட்டைப் பதித்திருக்கிறார்கள். மாணவர்கள் புத்தகப்பையோடு அதன் மேல் நடந்து போகிறார்கள்.

பிட்ஸ்பர்க்குக்குத் தமிழர்கள் நிறையப் பேர் போகிறார்கள். பென் ஹில்ஸ் வேங்கடேஸ்வரர் கோயிலில் தரிசனம், கேன்டீனில் புளியோதரை, அப்படியே ஊர் திரும்பிவிடுகிறார்கள். அடுத்த முறை அரை நாள் கூடுதலாக ஒதுக்குங்கள். ஓக்லண்டில் சுவரைப் பாருங்கள், பிஎன்சி பார்க் வாசலில் சிலையைப் பாருங்கள். இரண்டுக்கும் கட்டணம் இல்லை. பிள்ளைகள் கூட வந்தால் 1903-ஐயும் 1909-ஐயும் முதலில் சொல்லுங்கள், லாயிட் பெயரையும் சேர்த்துச் சொல்லுங்கள். அட்டையின் விலையைக் கடைசியில் சொன்னால் போதும்.